பாதிக்குப் பாதி பேசி வாங்கிய ஃபிளாட்: பெங்களூரில் மூன்று பேரின் கணக்கு

பெங்களூரில் பழைய ஃபிளாட்டை வாங்கி, உள்ளே இடித்துச் சரிபண்ணி, ஏழெட்டு மாதத்தில் விற்று லாபத்தைப் பிரித்துக்கொள்ளும் வேலையை நம் ஆட்கள் பலர் செய்கிறார்கள். அல்சூர், காக்ஸ் டவுன், பானசவாடி, ஜீவன் பீமா நகர் பக்கமெல்லாம் மூன்று மாடி, நான்கு மாடிப் பழைய கட்டடங்கள் நிறைய இருக்கின்றன; இடம் நல்ல இடம், வீடு மட்டும்தான் பழசு. ஒருவரிடம் பணம் இருக்கும், இன்னொருவருக்கு வேலை தெரியும். பேச்சு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "செலவு போக வர்றதுல பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

அந்த ஒரு வரியை நம்பி இறங்கிய மூன்று பேரின் கணக்கைத் தீர்த்துவைக்க என்னைக் கூப்பிட்டார்கள். மூவருமே நேர்மையானவர்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அப்படியும் கடைசியில் முகம் பார்த்துப் பேச முடியாத நிலைக்கு வந்திருந்தார்கள், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை முழுதாக்கியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணத்துக்கான கூலி, வேலைக்கான கூலி, தாமதமானால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் தனித்தனியாகப் பேசி முடித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். பாதிக்குப் பாதி என்ற பேச்சு அந்த மிச்சத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

யார் எதைக் கொண்டுவந்தார்கள்

முதல் ஆள் பொதுத்துறை நிறுவனம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது 67. எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஓய்வூதியப் பலன்களில் இருந்து 56 லட்சம் போட்டார். இரண்டாமவர் அவருடைய தங்கை மகன், சிங்கப்பூரில் வேலை, 25 லட்சம் போட்டார். மூன்றாமவர் தர்மபுரிக்காரர், பல வருஷமாக பெங்களூரில் சிவில் வேலையும் இன்டீரியர் வேலையும் எடுத்துச் செய்யும் மேஸ்திரி. பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் ஃபிளாட்டைக் கண்டுபிடித்தது அவர், விலையை 66-இல் இருந்து 62-க்கு இறக்கியது அவர், ஆள் வைத்து வேலை வாங்கியதும் அவர்தான்.

பானசவாடி பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட், 2023 டிசம்பரில் கிரயம். விலை 62 லட்சம். அப்போது கர்நாடகாவில் 45 லட்சத்துக்கு மேல் போனால் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன்மேல் செஸ், சர்சார்ஜ் சேர்ந்து 5.6, பதிவுக் கட்டணம் 1 சதவீதம்; ஆக 6.6 சதவீதம், 4.09 லட்சம் அங்கேயே போனது. புரோக்கருக்கு 62,000, வக்கீல், வில்லங்கச் சான்று, கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) மாற்றம் எல்லாம் 39,000. வீட்டுச் சாவி கைக்கு வரும்போது 67.1 லட்சம் இறங்கியிருந்தது. (2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகிவிட்டது. இன்று இதே வீட்டை வாங்கினால் இன்னும் 62,000 கூட. வாங்கி விற்கும் தொழிலில் இந்தப் பணம் திரும்பி வராது, அதனால் விலை பேசும்போதே கழித்துப் பார்க்க வேண்டிய தொகை இது.)

திட்டம் இப்படி: வேலைக்கு 11 லட்சம், ஏழு மாதத்தில் 95 லட்சத்துக்கு விற்பது, பராமரிப்பும் விற்கும்போது புரோக்கர் கமிஷனும் போக 15.7 லட்சம் லாபம், பணம் போட்ட இருவருக்கும் சேர்த்துப் பாதி, மேஸ்திரிக்குப் பாதி என்றால் அவருக்கு ஏறக்குறைய 7.85 லட்சம். 20 ரூபாய் பத்திரத்தாள் ஒன்றில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கிரயப் பத்திரம் சார் பெயரிலும் தங்கை மகன் பெயரிலும். மேஸ்திரியின் பெயர் அந்த 20 ரூபாய் தாளில் மட்டும்.

நடந்தது என்ன

பாத்ரூம் தரையை உடைத்ததும் பழைய இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி அடைத்துக் கிடந்தது தெரிந்தது, கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் ஏற்கெனவே படர்ந்திருந்தது. குழாய் முழுக்க மாற்றி, வாட்டர் புரூஃபிங் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அது பாதியில் இருக்கும்போது 2024 மார்ச் வந்தது. அந்தக் கோடையை பெங்களூர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கட்டட வேலைக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது, அசோசியேஷன்காரர்கள் அதைக் காட்டி, கட்டடத்துத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மார்ச் கடைசியில் முடிய வேண்டிய வேலை மே கடைசியில் முடிந்தது. செலவு 11 இல்லை, 13.4 லட்சம்.

இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் சபையில் பேசவில்லை. மேஸ்திரிக்கு இந்த வேலையில் மாதக் கூலி கிடையாது, லாபம் வந்தால்தான் பணம். வீட்டுச் செலவு ஓட வேண்டுமே, அதனால் ஏப்ரலில் சாரிடம் 60,000 கைமாற்று வாங்கினார், கூடவே வேறு இரண்டு வேலைகளையும் பிடித்தார். காலையில் ஆட்களை இங்கே இறக்கிவிட்டு அவர் அங்கே போய்விடுவார். சாருக்கு இது கோபம். எனக்கு இதில் மேஸ்திரிமேல் குறை சொல்லத் தோன்றவில்லை. நான்கைந்து மாதம் கூலியில்லாமல் ஒரு தொழிலாளியை உட்காரவைத்த ஒப்பந்தம்தான் அவரை வெளியே அனுப்பியது.

ஆகஸ்டில் ஒருவர் 91 லட்சத்துக்குக் கேட்டார். மேஸ்திரி "கொடுத்துடலாம் சார்" என்றார், சார் 95-க்குக் குறையக் கூடாது என்று நின்றார். 81 லட்சம் முடங்கிக் கிடக்கிறது, ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 54,000. கடைசியில் 2025 பிப்ரவரியில் 93-க்குத்தான் விற்றது. ஆறு மாதம் காத்திருந்து கூடுதலாகக் கிடைத்தது 2 லட்சம், அந்த ஆறு மாதத்தில் பணம் சும்மா கிடந்த செலவு 3.24 லட்சம். இந்தக் கணக்கை ஆகஸ்டிலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டியிருந்தால் சார் மனசு மாறியிருப்பார் என்றே நினைக்கிறேன், அவர் கணக்குப் புரியாத ஆள் இல்லை.

பத்திரத்தில் யார் பெயர்

அக்டோபரில் 93 லட்சத்துக்கு ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருவர் ஒப்புக்கொண்டார், முன்பணமும் கொடுத்தார். அப்போதுதான் இ-கத்தா இல்லாமல் பதிவு நடக்காது என்ற நிலை வந்திருந்தது, அதற்கு உரிமையாளர் ஒவ்வொருவரும் ஆதார் சரிபார்ப்பு முடிக்க வேண்டும். சார் அன்றைக்கே முடித்துவிட்டார். தங்கை மகனின் ஆதாரோடு இணைந்திருந்தது அவர் எப்போதோ கைவிட்ட இந்திய நம்பர், ஓ.டி.பி. அங்கே போய்க்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் வரி. விற்பவர் இந்தியாவில் வசிப்பவர் என்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வீட்டுக்கு வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்கு அப்படி இல்லை, வருமான வரிச் சட்டத்தில் அப்போதிருந்த 195-ஆம் பிரிவு. இரண்டு வருஷத்துக்குள் விற்றதால் குறுகிய கால ஆதாயம், செஸ் சேர்த்து 31.2 சதவீதம், அதுவும் வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்காவிட்டால் லாபத்தின்மேல் இல்லாமல் அவர் பங்குக்கு வரும் விற்பனைத் தொகை முழுவதின் மேலேயே பிடிப்பார்கள். அவர் போட்ட பணத்தின் விகிதப்படி 28.7 லட்சம் அவர் பங்கு, பிடித்தம் ஏறக்குறைய 9 லட்சம். மொத்த லாபமே 11 லட்சம் என்னும் வியாபாரத்தில்! வாங்குகிறவர் தனியாக டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) வாங்கி, தனிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அவருடைய ஆடிட்டர் இதையெல்லாம் விளக்கியதும் மனுஷன் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். போதாக்குறைக்கு, இருவரின் பங்கு எவ்வளவு என்று கிரயப் பத்திரத்தில் எழுதவே இல்லை.

அதன்பிறகு சான்றுக்கு விண்ணப்பம், சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பவர் பத்திரம், அதை இங்கே கொண்டுவந்து முத்திரைத் தீர்வை கட்டுவது என்று பிப்ரவரி வரை இழுத்தது. இன்னொரு ஆள் 93-க்கு வாங்கினார்.

வெளிநாட்டு உறவினர் பணம் இந்தத் தொழிலில் நிறைய வருகிறது, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அவர் தனக்கென்று ஒரு ஃபிளாட் வாங்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் வீடு வாங்கி விற்கும் கூட்டு நிறுவனத்தில் அவர் பங்காளியாக முடியாது, அந்நியச் செலாவணி விதிகள் ரியல் எஸ்டேட் வியாபாரத்தில் அதை அனுமதிப்பதில்லை. சரி, பணத்தை மாமாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடட்டும் என்றால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: மாமா தங்கை மகனுக்குக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு வரி இல்லை, தங்கை மகன் மாமாவுக்குக் கொடுத்தால் 50,000-க்கு மேல் போனதும் முழுத் தொகையும் வருமானம், ஏனென்றால் வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் இல்லை.

மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்தோம்

93 லட்சத்தில் இருந்து 67.1, வேலைச் செலவு 13.4, பதினான்கு மாதப் பராமரிப்பு 50,000, புரோக்கர் 93,000 எல்லாம் கழித்தால் 11.07 லட்சம்.

பேசியபடி பாதி என்றால் மேஸ்திரிக்கு 5.53, பணம் போட்ட இருவருக்கும் சேர்த்து 5.53. 81 லட்சத்துக்குப் பதினான்கு மாதத்தில் இது ஆண்டுக்கு 6 சதவீதம்கூட இல்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமே அப்போது 8.2 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. "நான் எஃப்.டி.யில போட்டுட்டு வீட்ல உக்காந்திருப்பேனே" என்று சார் கேட்டது நியாயமான கேள்விதான்.

சார் கொண்டுவந்த கணக்கு வேறு. முதலில் போட்ட பணத்துக்குப் பதினான்கு மாதத்துக்கும் 8 சதவீதம், அதாவது 7.56 லட்சம். அப்புறம் மேஸ்திரிக்கு வேலை மேற்பார்வைக் கூலி. மீதியில் பாதி. இப்படிப் போட்டால் மேஸ்திரிக்கு மொத்தம் 2.4 லட்சம்தான் வருகிறது. அவர் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஆகஸ்ட்லயே வித்திருக்கலாம் சார், நான்தானே வித்திருங்கன்னு சொன்னேன்." அவர் சொன்னதும் நியாயம்.

நான் சொன்னது இது. திட்டமிட்ட ஏழு மாதத்துக்குப் பணத்தின் கூலி ஓடட்டும். குழாய், தண்ணீர்ப் பஞ்சம் இரண்டாலும் போன இரண்டு மாதம் யார் தப்பும் இல்லை, அதற்கும் ஓடட்டும். செப்டம்பருக்குப் பிறகான ஐந்து மாதம் பணம் போட்டவர்கள் பக்கத்துக் காரணம், விலைக்குக் காத்திருந்ததும் சிங்கப்பூர்ப் பெயரும். அதற்குக் கூலி கிடையாது. இ-கத்தா அரசாங்கம் கொண்டுவந்த மாற்றம்தானே, அதைப் பொதுக் கணக்கில் வைக்கலாமே என்று வாதாடலாம், சார் வாதாடினார். ஆனால் அவர் பெயர் மட்டும் இருந்திருந்தால் அது ஒரே நாளில் முடிந்திருக்கும்.

ஒன்பது மாதத்துக்கு 4.86 லட்சம். பணம் தவணை தவணையாக இறங்கிய தேதிகளை வைத்துப் போட்டால் இது கொஞ்சம் குறையும், சண்டையில்லாமல் முடிய முழுதாக எடுத்துக்கொண்டோம். மேற்பார்வைக் கூலியாக 12 சதவீதம், அதுவும் ஆன செலவின் மேல் இல்லை, திட்டமிட்ட 11 லட்சத்தின் மேல்: 1.32 லட்சம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆன செலவில் சதவீதம் என்று கொடுத்தால் செலவு ஏற ஏறக் கூலியும் ஏறும். இந்த வீட்டிலேயே யாரையும் கேட்காமல் கிச்சன் கேபினெட்டை உயர்ந்த ரகத்துக்கு மாற்றியதில் 70,000 கூடியிருந்தது. மீதி 4.89 லட்சம், ஆளுக்குப் பாதி. மேஸ்திரிக்கு 3.77, பணம் போட்டவர்களுக்கு 7.3. எல்லோருக்கும் கொஞ்சம் வருத்தம், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

திட்டப்படி ஏழு மாதத்தில் 95-க்கு விற்றிருந்தால் இதே முறையில் மேஸ்திரிக்கு 6.6 லட்சம் வந்திருக்கும். சீக்கிரம் முடித்தால் கூடுதல் பணம் என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தால், மாதாமாதம் கொஞ்சம் கூலியும் கையில் வந்திருந்தால், அந்த இரண்டு வெளிவேலைகளை எடுத்திருக்க மாட்டார்.

பில் பை

தீர்வு நாளன்று மேஸ்திரி ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து சார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொட்டினார். ஹார்டுவேர்க் கடை, பெயின்ட் கடை, ஜிகனி கிரானைட், டைல்ஸ். பாதிக்கு மேல் தெர்மல் தாள், எழுத்து முழுக்க வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. 13.4 லட்சத்தில் படிக்கிற மாதிரி பில் இருந்தது 8.1 லட்சத்துக்கு. மீதி 5.3 லட்சத்தைச் செலவாகக் காட்ட முடியாவிட்டால், 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 1.65 லட்சம் வீண் வரி. மேஸ்திரியின் டைரியும், கடைக்காரர்களிடம் மறுபடி வாங்கிய நகல்களும், யு.பி.ஐ. வரலாறும் பெரும்பகுதியைக் காப்பாற்றின. பில் வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை.

வீடு இருவர் பெயரில் இருப்பதால் ஆதாயம் முழுக்க அவர்கள் தலையில்தான் விழுகிறது. மேஸ்திரி 1.32 லட்சத்துக்கு வேலை பில் கொடுத்தார், அது வீட்டு மேம்பாட்டுச் செலவில் ஏறியது. லாபப் பங்கான 2.45 லட்சத்தை அப்படி ஏற்ற முடியாது என்றார் ஆடிட்டர். அதற்கான வரியையும் ஏப்ரல் கைமாற்றையும் கழித்து மேஸ்திரி கைக்கு வந்தது 2.4 லட்சம் சொச்சம்.

அடுத்த வீட்டுக்கு எழுதியது

இவ்வளவுக்கும் பிறகு சாரும் மேஸ்திரியும் மறுபடி சேர்ந்தே செய்கிறார்கள், அது எனக்குச் சந்தோஷம். இந்த முறை இருவர் மட்டும், பதிவு செய்த கூட்டு நிறுவனம். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, எழுதாமல் விட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி, உழைத்தவருக்குத் தனிக் கூலி கிடையாது. நிறுவனத்தைப் பதிவு செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை வைத்து ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடவும் முடியாது, கலைத்துக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். லாபத்தில் பங்கு வாங்குவதால் மட்டும் ஒருவர் பங்காளி ஆகிவிடுவதில்லை என்றும் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் முதல் வீட்டில் மேஸ்திரி பங்காளியா, வேலையாளா என்பது கோர்ட்டுக்குப் போயிருந்தால் பெரிய வாதமாகியிருக்கும்.

வரிச் சட்டத்தில் பணம், உழைப்பு, லாபம் மூன்றுக்கும் தனித்தனி இடம் ஏற்கெனவே இருக்கிறது: பங்காளியின் மூலதனத்துக்கு 12 சதவீதம் வரை வட்டி, உழைக்கும் பங்காளிக்கு ஒரு வரம்பு வரை ஊதியம், இரண்டும் நிறுவனத்துக்குச் செலவு. மிஞ்சும் லாபத்துக்கு நிறுவனம் 30 சதவீதமும் செஸ்ஸும் கட்டிவிட்டால் பங்காளிகள் கையில் மறுபடி வரி இல்லை. 2025 ஏப்ரல் முதல் பங்காளிக்குக் கொடுக்கும் வட்டி, ஊதியம் ஆண்டுக்கு 20,000-க்கு மேல் போனால் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். (2026 ஏப்ரலில் இருந்து புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.)

சாருக்கு 8 சதவீத வட்டி, மேஸ்திரிக்கு மாதம் 25,000 ஊதியம், மீதி சரிபாதி. நஷ்டம் வந்தால் மேஸ்திரி தன் ஊதியத்தை மட்டும் விட்டுக்கொடுப்பார், பணத்தைச் சார் தாங்குவார்; இது அவர்களுக்குள் மட்டும், வெளியே கடன்காரர் கேட்டால் இருவரும் முழுப் பொறுப்பு என்பதை மேஸ்திரியின் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னேன். செலவு பத்து சதவீதம் கூடினால் வாட்ஸ்அப்பில் சம்மதம் வாங்காமல் கை வைக்கக் கூடாது. இருவர் மட்டும் உள்ள கூட்டு, ஒருவர் இறந்தால் கலைந்துவிடும்; அதனால் சாருக்கு ஏதாவது ஆனால் வேலை நிற்காமல், மகள் மேஸ்திரியோடு புதிதாகக் கூட்டுச் சேர்ந்து தொடர்வார் என்று ஒரு வரி. 67 வயதில் இதைப் பேசுவது சங்கடம்தான், ஆனால் அவரே எழுதச் சொன்னார்.

மேஸ்திரிக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. தெரிந்த பத்துப் பேரிடம் ஆளுக்கு 2 லட்சம் வாங்கி 18 சதவீதம் தருவதாகச் சொல்லலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, நல்ல எண்ணத்தில் செய்தாலும் ஜெயில் வரை போகும். கிரயம் பண்ணாமல் வெறும் ஒப்பந்தமும் பவரும் வைத்தே வாங்கி விற்று முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு புரோக்கர் சொன்னதையும் விட்டுவிட்டார்கள். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

கடைசியாகச் சேர்த்த பிரிவுக்குத்தான் அதிக நேரம் ஆனது. குறித்த விலையில் 95 சதவீதமோ அதற்கு மேலோ எழுத்தில் ஒருவர் கேட்டு, சார் வேண்டாம் என்றால், அந்தத் தேதியோடு அவருடைய வட்டி நின்றுவிடும். மேஸ்திரி வேண்டாம் என்றால் அவருடைய மாத ஊதியம் நின்றுவிடும். சார் முதலில் 97 என்றார், மேஸ்திரி 93 என்றார், இரண்டு மாலை பேசி 95-இல் நின்றது.